கூடுதல் ஒன்று

கணக்கு உதைத்தது,
ஒரே ஒரு டப்பாவால்.
குறைந்திருந்தால் என்ன செய்வதென்று தெரியும்:
மூன்று பாரம், ஒரு கையெழுத்து, கேமராப் பதிவு,
வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை.
கூடியிருந்தது.

கம்ப்யூட்டரில் இருபத்து மூன்று,
அடுக்கில் இருபத்து நான்கு.
தக்காளிச் சாற்றில் சார்டின், சின்ன டப்பா,
நாலு வெள்ளி எழுபது காசு.
அடுத்த செவ்வாயும் ஒன்று கூடுதல்.
அதற்கடுத்த செவ்வாயும்.

இந்த ஜெலுத்தோங் கடையில்
பதினோரு வருஷமாகச் சரக்கு எண்ணுகிறேன்.
எலி தின்றது, ஈரம் தின்றது,
வேலைக்கு வந்த பையன்கள் தின்றது
எல்லாம் என் விரலுக்குத் தெரியும்.
குட்டி போடும் சார்டினை
இப்போதுதான் பார்க்கிறேன்.

கேமராவை ஓட்டினோம்.
காலை பத்தே கால்.
கசங்காத முழுக்கைச் சட்டை, அறுபதைத் தாண்டிய ஆள்,
தூரத்துப் பஸ்ஸின் நம்பரைப் பார்ப்பவர்போல
கண்ணைச் சுருக்கி அடுக்கின்முன் நிற்கிறார்.
பையிலிருந்து டப்பாவை எடுக்கிறார்.
வரிசையில் வைக்கிறார்.
மீன் படம் முன்னால் தெரிய
கொஞ்சம் திருப்பி வைக்கிறார்.
ஒன்றும் வாங்காமல் போகிறார்.

"விஷம்" என்றார் தவுக்கே ஊய்.
"போலீசைக் கூப்பிடு."
கல்லாவிலிருந்து துர்கேஸ்வரி:
"எப்பவோ திருடியிருப்பாரு. இப்ப மனசு உறுத்துது.
காமன் சென்ஸ்தானே லா."
வாசல் காவல் டில் பகதூர் மலாயில் சொன்னான்:
பெண்டாட்டி செத்திருப்பாள்,
அவள் வாங்கிக் குவித்ததைத்
தின்னவும் மனசில்லை, எறியவும் மனசில்லை.

மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.
மூன்றையும் நம்பினேன்,
ஆளுக்கு ஒரு வாரம்.

விஷமில்லை. எட்டு டப்பாவைத் தனியே எடுத்து வைத்திருந்தோம்,
தேதியும் சரி, மூடியும் சரி.
ஒன்றைப் பகதூர் சோற்றில் பிசைந்து தின்றான்.
மறுநாள் வேலைக்கு வந்தான்,
நேரத்தோடு.

ஒன்பதாம் செவ்வாய் நானே கேட்டேன்.
ஐயா, இதை எங்கே வாங்கினீங்க?
"ஆயர் ஈத்தாம்ல. அங்க இருபது காசு கூட."
வாங்கி, பஸ் ஏறி, இங்கே வந்து...
"ஆமா."
எப்பவாவது நம்ம கடையில, மறந்தாப்புல,
காசு கொடுக்காம...
கோபப்படவில்லை. கூட்டலில் தப்புவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்.
"இல்லையே."
வீட்டம்மா?
"இருக்கா. இந்நேரம் சீரியல் பார்த்துக்கிட்டு இருப்பா."
பின்னே ஏன்யா?

சவரிநாயகம்
(பெயரை அவரே சொன்னார்,
நான் எழுதியபோது எழுத்தையும் திருத்தினார்)
வெகுநேரம் அடுக்கைப் பார்த்தபடி நின்றார்.
மறைக்கவில்லை. தேடினார்,
எல்லாப் பையிலும் தட்டித் தட்டிச்
சாவி தேடுகிறவர்போல.
"வெச்சுட்டுப் போனா
அன்னிக்கு ராத்திரி தூக்கம் வருது" என்றார்.
உடனே, சொன்னது பிடிக்காமல்,
"அது மட்டும் இல்ல" என்றார்.

கம்ப்யூட்டர் காரணம் கேட்கிறது:
சேதம், திருட்டு, காலாவதி, மற்றவை.
மற்றவையை அமுக்கினேன்.

எனக்கும் தம்பிக்கும்
பேச்சு நின்று ஏழு வருஷம்.
அவன் பிறந்தநாளன்று தவறாமல்
முடி வெட்டிக்கொள்கிறேன்.
துர்கேஸ்வரியிடம் சொன்னால்
அவளிடம் ஒரு காரணம் இருக்கும்.
நன்றாகவும் இருக்கும்.

தவுக்கேயைச் சொல்லவேண்டும்.
பிளாஸ்டிக் பைக்கு இருபது காசு
சொந்த மச்சானுக்கும் விடாதவர்.
இப்போதெல்லாம் திங்கள் இரவு
ஷட்டரை இறக்குமுன்
சார்டின் அடுக்குக்குப் போய்
முன்வரிசையில் ஒரு டப்பாவைப் பின்னே தள்ளி
அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்.
யாரும் சொல்லவில்லை.

ஏன் பாஸ், என்றேன்.
விளக்கை அணைத்துக்கொண்டே
"கணக்குக்கு" என்றார்.